இப்னு மாஜிதும் வாஸ்கோடகாமாவும்: ஒரு ரிவாயத்தின் தகுதி

வாஸ்கோடகாமாவுக்கு இந்தியாவுக்கான கடல்வழியைக் காட்டியவர் அரபு மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் என்பது நம் மேடைகளிலும் மலர்களிலும் பெருமிதத்தோடு எடுத்துரைக்கப்படும் செய்தி. ஐரோப்பியரின் கடற்பயணங்களுக்கும் முஸ்லிம்களே ஆசான்கள் என்பதற்கு இதனைச் சான்றாக்குவர். அச்சான்று எங்கிருந்து வந்தது எனக் கேட்போர் அரியர்.

அதன் மூலம் குத்புத்தீன் நஹ்ரவாலீயின் 'அல்பர்குல் யமானீ'. உதுமானியர் யமனை வென்ற வரலாற்றைக் கூறும் நூல் அது. ஆசிரியர் பிறந்தது ஹிஜ்ரி 917இல் (கி.பி. 1511); காமா கள்ளிக்கோட்டை வந்ததோ 1498இல். இடையில் உள்ள அறிவிப்பாளர் யாரெனத் தெரியாத, தொடர் அறுந்த செய்தி இது. அதிலும் அவர் கூறுவது புகழுரையன்று. பறங்கித் தலைவன் இப்னு மாஜிதுடன் கூடி மதுவருந்தினான். போதையில் அவர் வழியைச் சொல்லிவிட்டார் என்பதே அவர் கூற்று. நம்மவர் மதுவை விட்டுவிட்டு வழியை மட்டும் எடுத்துக்கொண்டனர்! ஹதீஸைச் சுருக்கி அறிவிக்க இசைந்த இமாம்களும், விடுபடும் பகுதியால் எஞ்சியதன் பொருள் மாறலாகாது என நிபந்தனை விதித்துள்ளனர். வரலாற்றுக்கு அந்நெறி வேண்டாமா?

போர்ச்சுகீசியர் தரப்பு வேறு கூறுகிறது. காமாவுடன் சென்ற ஒருவரின் நாட்குறிப்பு, மாலிந்தி மன்னர் அனுப்பிய வழிகாட்டியைக் கிறிஸ்தவர் என்கிறது. இந்துக்களையும் கிறிஸ்தவர் என மயங்கியோர் அவர்கள் என்பதையும் இங்கே கருத வேண்டும். 1552இல் வெளியான பாரோஸின் வரலாறு, 'மாலெமோ கனா' என்னும் குஜராத்தி முஸ்லிமைக் குறிக்கிறது. காமா காட்டிய மர அஸ்தர்லாபைக் கண்டு அவர் வியப்படையவில்லையாம். 'மாலெமோ' என்பது முஅல்லிம். நம் 'மாலுமி'யும் அச்சொல்லிலிருந்து வந்ததே. 'கனா' கணிதம் வல்லவனைக் குறிக்கும் 'கணக' என்பதன் திரிபு என்பர். ஆக, இவை பட்டங்களேயன்றிப் பெயரல்ல. இப்னு மாஜிதோ இன்றைய ராஸல் கைமாவின் பழம்பெயரான ஜுல்ஃபாரைச் சேர்ந்தவர், குஜராத்தியர் அல்லர். இவ்விரு செய்திகளையும் 1920களில் இணைத்துப் பரப்பியவர் பிரெஞ்சுக் கீழ்த்திசை அறிஞர் ஃபெரான். ஷார்ஜா ஆட்சியாளர் சுல்தான் அல்காசிமீ 2000இல் இப்னு மாஜிதின் குற்றமின்மையை நிறுவ ஒரு நூலே எழுதினார். ஆயினும் பழைய கதை நம்மிடையே ஓயவில்லை.

இக்கதையால் இப்னு மாஜிதுக்கு நேர்ந்தது சிறுமையே. ஏறத்தாழ 1490இல் அவர் முடித்த 'கிதாபுல் ஃபவாயித்' சந்திர மன்சில்கள், நட்சத்திர உயரத்தை விரற்கிடையால் அளத்தல், பயணத்துக்குரிய பருவங்கள், செங்கடலின் ஆபத்துகள் எனக் கடற்கலையை விரித்துரைப்பது. அதனைப் புரட்டிப் பாராதவரும் காமாவின் கதையை மட்டும் அறிவர். அவ்வறிவு ஒரு தனிமனிதரின் இரகசியமன்று. அரபியரும் குஜராத்தியரும் மலபாரியரும் தலைமுறைகளாகப் பகிர்ந்துகொண்டது அது. போதையில் கசிய வேண்டிய தேவையே அதற்கில்லை.

அதன் மதிப்பை அறியக் காமாவின் பயண நாட்களே போதும். வழிகாட்டியுடன் 1498 ஏப்ரல் 24இல் மாலிந்தியை விட்டவர், மே 20இல் கள்ளிக்கோட்டைக்கு அருகே நங்கூரமிட்டார். திரும்புகையில், வடகிழக்குப் பருவக்காற்று நிலைபெறுமுன் அக்டோபர் தொடக்கத்தில் அஞ்சுதீவிலிருந்து புறப்பட்டார்; அதே கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதங்களாயின. ஈறுகள் வீங்கும் நோயால் பலர் மாண்டனர். எஞ்சியோர் மூன்று கப்பல்களைச் செலுத்தப் போதாமையால், 'சான் ரஃபேல்' கப்பலைத் தாமே எரித்தனர்.