பூச்சாண்டியே பாடினால்: பன்னி வெய்லரின் ‘பிளாக்ஹார்ட் மேன்’

பன்னி வெய்லருக்கு (தமிழில் எழுதினால் பேர் இப்படித்தான் வந்து நிற்கிறது, என்ன செய்ய) மூன்று கிராமி கிடைச்சிருக்கு. அதில் இரண்டு, பாப் மார்லிக்கு அஞ்சலியாகப் போட்ட ஆல்பங்களுக்கு. அவரோட உச்சம்னு நான் நினைக்கிற ‘பிளாக்ஹார்ட் மேன்’ வந்தது 1976ல். ரெகேவுக்குத் தனி கிராமி வந்ததே 1985லதான்.

அவரைப் பற்றி வழக்கமா சொல்லும் கதை இது. 1947ல் கிங்ஸ்டனில் பிறந்த நெவில் லிவிங்ஸ்டன், சின்ன வயசில் நைன் மைல் கிராமத்தில் மார்லியோடு வளர்ந்தார். பிறகு பீட்டர் டோஷும் சேர, வெய்லர்ஸ் உருவானது. 1973ல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் முடிந்ததும் ‘இனி வரமாட்டேன்’னு ஜமைக்காவிலேயே தங்கிவிட்டார். ஆக, பஸ்ஸைத் தவறவிட்டவர்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஊரோடு தங்கிய ஆளால்தான் இந்த ஆல்பத்தைப் போட்டிருக்க முடியும். தலைப்புப் பாட்டையே எடுத்துக்குங்க. அந்தக் கால ஜமைக்காவில் ராஸ்தாக்காரர்களைக் காட்டித்தான் பிள்ளைகளை மிரட்டுவார்கள். நம்மூர் பூச்சாண்டி, பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி. அங்கே அவன் இதயத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விடுவானாம். அந்த மிரட்டலைக் கேட்டு வளர்ந்த பையன், பெரியவனாகி அதே பூச்சாண்டியின் வழியில் நடக்கிறான். ஆறு நிமிஷத்துக்கு மேல ஓடும் பாட்டு, எங்கேயும் அவசரமில்லை. பேஸ் கிட்டார் முன்னால் நிற்க, புல்லாங்குழல் தள்ளி எங்கேயோ கேட்கிறது. பயமும் பாசமும் ஒரே குரலில் வருது. கைதட்டலை எதிர்பார்த்துப் பாடுகிறவர் இப்படிப் பாடமாட்டார்.

கஞ்சா வழக்கில் 1967ல் உள்ளே போய், ஒரு வருஷத்துக்கும் மேல சிறையில் இருந்தவர் அவர். அதைப் பற்றிய பாட்டும் இதில் இருக்கு. அதே 1976ல் டோஷ் ‘லீகலைஸ் இட்’னு நேரடியாகக் கோரிக்கை வைத்தார். பன்னி குரலையே உயர்த்தவில்லை. மனசில் அதிகம் தங்குவது எனக்கு இவர் பாட்டுதான்.

பிரிந்து போனதில் பகையும் இருந்த மாதிரி தெரியலை. பாரெட் சகோதரர்கள் இதில் வாசிச்சிருக்காங்க. சில இடங்களில் பின்னணிக் குரல் மார்லியும் டோஷும்தான்.

குறை இல்லாமலில்லை. கடைசியில் வரும் ‘திஸ் ட்ரெய்ன்’ பழைய அமெரிக்க கோஸ்பெல் பாட்டு. இவ்வளவு நீளத்துக்கு அதில் சரக்கு இல்லை. ஊரோடு இருந்ததற்கு விலையும் கொடுத்தார். எண்பதுகளில் டான்ஸ்ஹால் பக்கம் போனபோது 1981ன் ‘ராக் அண்ட் க்ரூவ்’ நல்லாவே அமைந்தது. அதற்கப்புறம் வந்த சில ஆல்பங்களில் காலத்தைத் துரத்துகிற மூச்சிரைப்பு கேட்குது. 2021 மார்ச்சில் இறந்தபோதும் பல தலைப்புச் செய்திகளில் மார்லி பெயர் கூடவே வந்தது.

புதுசா கேட்கிறவங்க ‘ட்ரீம்லேண்ட்’ல ஆரம்பிக்காதீங்க. இனிமையான பாட்டுதான், ஆனா வெய்லர்ஸ் காலத்திலேயே அவர் பாடிப் பதிவு செய்தது. தலைப்புப் பாட்டை முதலில் போடுங்க. பேஸ் நல்லா கேட்கிற ஸ்பீக்கரில். போன் ஸ்பீக்கரில் பாதிப் பாட்டு காணாமல் போயிடும்.