உரித்து ஒட்டும் ஓவியம்

கடையில் விற்கும் ஸ்டிக்கர் தாளில் எல்லாப் பூனைகளும் ஒரே மாதிரி சிரிக்கின்றன. நாம் வரைந்த பூனை, அதன் கோணல் மீசையோடு டிபன் பாக்ஸ் மூடியில் ஏறி உட்காருவது தனி மிடுக்கு.

ஏ4 தாளை 300 டிபிஐயில் அச்சிட 2480-க்கு 3508 பிக்ஸல் வேண்டும். அதில் பெரிய படங்களை வைத்துவிட்டு, மிஞ்சிய சந்துகளில் ஓர் இலை, ஒரு காபி டம்ளர் என்று நுழைப்பதில் பாதிப் பொழுது இன்பமாகப் போய்விடும். ஒவ்வொன்றையும் சுற்றி 2 மில்லிமீட்டராவது வெள்ளை விளிம்பு வேண்டும். கத்தி இம்மி விலகினாலும் பூனையின் காது பிழைத்துக்கொள்ளும்.

இங்க்ஜெட்டுக்கான வினைல் தாளை லேசர் பிரிண்டரில் போடாதீர்கள். உள்சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளலாம்.

வித்தையெல்லாம் வெட்டில்தான். மேல்தாள் அறுபட வேண்டும், அடித்தாளில் கீறல் ஆழக்கூடாது. தொழிலில் இதற்குக் ‘கிஸ் கட்’ என்று பெயர். கிரிகட் போன்ற இயந்திரம் மூலைக் குறிகளைப் படித்துத் தானே வெட்டும். எனக்குக் கைக்கத்தியே பிடிக்கும்: வளைவில் கத்தியை நிறுத்தி, தாளைத் திருப்ப வேண்டும்.

அடித்தாளின் வழவழப்பு சிலிக்கோன் பூச்சு தருவது. அமெரிக்காவில் 1935-இல் ஸ்டான்டன் ஏவரி உரித்து ஒட்டும் லேபிளை வணிகமாக்கினார். அதுவரை லேபிளுக்குப் பசையும் எச்சிலும்தான்.

தண்ணீர் பாட்டிலுக்கு என்றால் வெட்டுவதற்கு முன்பே மேலே லேமினேஷன் படலம் ஒட்டிவிடுங்கள். பளபளப்பைவிட மேட் அழகு என்பது என் கட்சி.