பண்டிகை, பாராயணம், நினைவு: தமிழ்ப் பௌத்தம் தங்கிய விதம்

1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளை வெளியிட்டது. அதற்குப் பிறகு நம் சூழலில் அயோத்திதாசர் பலவிதமாக வாசிக்கப்பட்டுவிட்டார். மாற்று வரலாற்றாசிரியர், இலக்கணக்காரர், சித்த மருத்துவர், திராவிட அரசியலின் முன்னோடி, எதிர்-கதையாடலைக் கட்டியவர் என்று ஆளுக்கொரு அயோத்திதாசர் நம் கையில் இருக்கிறார். இவை எதுவும் தவறல்ல. ஆனால் இந்த வாசிப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. அவரை ஒரு 'பிரதி'யாக மட்டுமே பார்ப்பதுதான் அது. தொகுதியைப் பிரிக்கிறோம், மேற்கோளுக்கு அடிக்கோடு போடுகிறோம், மூடி வைக்கிறோம். அந்தப் பிரதியை அன்றைக்கு யார் உட்கார்ந்து கேட்டார்கள், எந்த நாளில் கேட்டார்கள், கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்ற கேள்வி நமக்கு உறைக்கவே இல்லை.

காரணம் எளிது. 'வழிபாடு' என்று சொன்னாலே நமக்குக் கொஞ்சம் கூச்சம். பௌத்தம் என்றால் தத்துவம், அறம், சாதி எதிர்ப்பு, அதுவரைக்கும் சரி. விளக்கேற்றுவது, பஞ்சசீலம் சொல்வது, பண்டிகை கொண்டாடுவது எல்லாம் வேறு சமாச்சாரம், பாமர மக்களுக்கானது என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்தப் பிரிவினையே நம்மைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அயோத்திதாசர் உருவாக்கியது ஒரு கருத்தியலை மட்டுமல்ல, ஒரு நாட்காட்டியையும்தான். அந்த நாட்காட்டி இல்லாமல் அந்தக் கருத்தியல் பத்து வருஷம்கூட தாங்கியிருக்காது.

அவர் முன்னால் இருந்த சிக்கலை முதலில் பார்ப்போம். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று, சுமங்கல மகாநாயகரிடம் தீட்சை பெற்றுத் திரும்பிய அயோத்திதாசர், இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்குகிறார். கையில் என்ன இருக்கிறது? தொடர்ந்து வந்த பிக்கு மரபு இல்லை. மானிய நிலமுள்ள விகாரை இல்லை. ஆதரிக்கும் அரசன் இல்லை. பாலி திரிபிடகம் தமிழில் இல்லை. தமிழ்நாட்டில் பௌத்தம் அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. மறுமலர்ச்சி என்று அறிவிப்பது ஒரு நாள் வேலை. அதை அடுத்த வாரமும், அடுத்த வருஷமும், அடுத்த தலைமுறையிலும் இருக்கச் செய்வது எப்படி? அவர் தொட்ட இடங்கள் மூன்று: பண்டிகை, வேதம், வழிபாடு.

பண்டிகையிலிருந்து தொடங்கலாம். தீபாவளி என்றால் நரகாசுரன் கதை. அசுரன் என்று சொல்லப்பட்டவனின் சாவை, அசுரர் என்று இழிக்கப்பட்டவர்களே புதுத்துணி உடுத்திக் கொண்டாடும் அவலம் அது. பின்னால் வந்த சுயமரியாதை இயக்கம் இதற்குச் சொன்ன தீர்வு நேரடியானது: கொண்டாடாதே. அயோத்திதாசர் வேறு வழி போனார். எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறை கண்டறியப்பட்டு, பௌத்த சங்கத்தாரின் வழியாக மக்களுக்கு அறிவிக்கப்பட்ட நாள் இது, எண்ணெய் தேய்த்து முழுகுவது அதன் நினைவு என்று எழுதினார். போகியைப் போதியோடு சேர்த்தார். ஆடி மாதத்து அம்மனை அம்பிகை என்னும் பௌத்த பிக்குணியாக வாசித்தார்.

'இதெல்லாம் வரலாறா?' என்று ஆய்வாளர்கள் உடனே கேட்கிறார்கள். கல்வெட்டு எங்கே, சான்று எங்கே? சரி, நரகாசுரனுக்குக் கல்வெட்டு எங்கே என்று நாமும் திருப்பிக் கேட்கலாம்தான். ஆனால் அது வெறும் வாய்ச்சண்டையாகிவிடும். கவனிக்க வேண்டியது, இந்த விளக்கம் என்ன வேலை செய்கிறது என்பதை. ஒரு குடும்பத்தில் எண்ணெய்க் குளியல் நிற்கவில்லை. கிழவி வழக்கம்போலப் பேரன் தலையில் எண்ணெய் வைக்கிறாள். செயல் அப்படியே இருக்கிறது, அதன் நினைவு மட்டும் மாறிவிடுகிறது. கொலையைக் கொண்டாடிய உடம்பு இப்போது ஒரு கண்டுபிடிப்பை, மருத்துவத்தை, தன் முன்னோரின் அறிவைக் கொண்டாடுகிறது. மக்களிடமிருந்து எதையும் பிடுங்காமல், அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டதைத் திருப்பித் தருவது என்று இதைச் சொல்லலாம். ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் திரும்பி வருவதால், இந்த நினைவுக்குத் தனியாகப் பிரச்சாரகர் தேவையில்லை. பஞ்சாங்கமே பிரச்சாரகர்.

அடுத்து வேதம். 1912இல் வெளிவந்த அவரது புத்தர் வரலாற்று நூலுக்கு அவர் வைத்த பெயர் 'பூர்வத் தமிழொளியாம் புத்தரது ஆதிவேதம்'. 'வேதம்' என்ற சொல்லை யார் உச்சரிக்கலாம், யார் காதால் கேட்கலாம் என்பதே சட்டமாக இருந்த ஒரு சமூகத்தில், அந்தச் சொல்லையே எடுத்துத் தன் நூலின் நெற்றியில் ஒட்டிக்கொள்வது சாதாரண காரியமல்ல. பாலி நூல்களை மொழிபெயர்த்துத் தருவதோடு அவர் நிற்கவில்லை. மணிமேகலை, வீரசோழியம், நிகண்டுகள், ஓலைச்சுவடிகள், செவிவழிச் செய்திகள் என்று தமிழுக்குள் சிதறிக் கிடந்தவற்றிலிருந்து ஒரு புத்தரைச் சேர்த்தெடுத்தார். கபிலவஸ்துவிலிருந்து இறக்குமதியான புத்தரல்ல இவர். நம்ம மொழியிலேயே புதைந்து கிடந்தவர். அவரது உரை முறையும் இதே தர்க்கத்தில்தான் இயங்குகிறது. இந்திரர் என்பது ஐந்திரர், அதாவது ஐம்புலன்களை வென்றவர். பிராமணர் இரு வகை: யதார்த்த பிராமணர், வேஷ பிராமணர். மொழியியல்காரர்கள் இந்தச் சொற்பிறப்புகளைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் கேட்பவருக்கு இது ஒரு பயிற்சி. எந்தச் சொல்லையும் மேல்சாதி அகராதி சொன்ன பொருளிலேயே வாங்கிக்கொள்ளாதே, பிரித்துப் பார் என்று சொல்லித் தரும் பயிற்சி.

இந்தப் பயிற்சியை வாரந்தோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது பத்திரிகை. 1907 ஜூன் 19, ஒரு புதன்கிழமை, 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவரத் தொடங்கியது. அடுத்த ஆண்டு 'தமிழன்' ஆனது. 1914 மே 5இல் அவர் இறக்கும்வரை நடந்தது. திருக்குறளுக்கும் ஆத்திசூடிக்கும் அவர் எழுதிய உரைகளை இன்று தொகுதியாக, ஒரே மூச்சில் படிக்கிறோம். அன்றைக்கு அது வாரத்துக்குக் கொஞ்சம் என்று வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கிற சமூகத்தில் ஒரு வாரப் பத்திரிகை என்பது பாராயண நூலுக்குச் சமம். வாசகர் சந்தேகம் கேட்டு எழுதுகிறார், ஆசிரியர் பதில் தருகிறார். வேதத்தைக் கேள்வி கேட்டபடியே கற்பது இங்கே நடந்தது.

மூன்றாவது, வழிபாடு. இதைக் கோலார் தங்கவயல் இல்லாமல் பேச முடியாது. வட ஆர்க்காடு போன்ற பகுதிகளிலிருந்து சுரங்கத்துக்குப் போன தலித் தொழிலாளர்கள், ஊர்-சேரி என்ற அமைப்பிலிருந்து ஒரு எட்டாவது விலகி நின்றவர்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் சங்கக் கிளைகள் வளர்ந்தன. சாம்பியன் ரீஃப்ஸின் சித்தார்த்த புத்தகசாலைதான் அயோத்திதாசர் நூல்களை அவருக்குப் பின்னும் அச்சில் வைத்திருந்தது. 1920களில் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' மறுபடியும் அங்கிருந்தே வெளிவந்தது. பூமிக்கடியில் வேலை செய்த கூலித் தொழிலாளிகளின் ஊர்தான் ஒரு மதத்தின் அச்சுக்கூடமாகவும் பாடசாலையாகவும் இருந்திருக்கிறது. கல்யாணம், சாவு இரண்டுக்கும் புரோகிதனை அழைக்காமல் பஞ்சசீலம் சொல்லி முடிக்க ஒரு குடும்பத்துக்குத் தெரிந்தால்தான் மதமாற்றம் முழுமையாகும். மேடையில் சாதியை மறுத்துவிட்டு, வீட்டுச் சாவுக்குப் பழைய சடங்கில் போய் நிற்பவரின் கதை நமக்குத் தெரியாததா என்ன?

இதே காலத்தில் சென்னையில் பேராசிரியர் லட்சுமி நரசு இன்னொரு பௌத்தத்தை எழுதிக்கொண்டிருந்தார். 1907இல் ஆங்கிலத்தில் வந்த அவரது 'பௌத்தத்தின் சாரம்' பகுத்தறிவின் பௌத்தம். 1948இல் அதன் மறுபதிப்புக்கு அம்பேத்கர் முன்னுரை எழுதினார். சாரத்தை நரசு தந்தார், நாட்களை அயோத்திதாசர் தந்தார். இரண்டும் தேவை என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவர் அம்பேத்கர்தான். 1956 அக்டோபர் 14, நாகபுரி. 22 உறுதிமொழிகள். 53 நாட்களில், டிசம்பர் 6இல் அவர் இறந்துபோகிறார். 1957இல் 'புத்தரும் அவர் தம்மமும்' வெளிவருகிறது. ஒரு சூளுரை, ஒரு நூல், இரண்டு தேதிகள். தீட்சா பூமிக்கும் தாதரின் சைத்திய பூமிக்கும் ஆண்டுதோறும் திரளும் லட்சக்கணக்கான மக்களை 'வெறும் கூட்டம்' என்று யாரும் தள்ளிவிட முடியாது. அந்தக் கூட்டத்தில் விற்பனையாகும் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு, நினைவும் கல்வியும் ஒரே இடத்தில் நடப்பது புரியும்.

அப்படியானால் தமிழ்ப் பௌத்தம் ஏன் அந்த அளவுக்கு விரியவில்லை? 'மக்களுக்குப் பௌத்தம் ஒட்டவில்லை' என்று ஒரே வரியில் முடிப்பது சோம்பேறித்தனம். சுயமரியாதை இயக்கமும் தொழிற்சங்கமும் அதே இளைஞர்களை வேறு திசையில் ஈர்த்தன என்பது ஒன்று. அதைவிடக் கடுமையானது அரசாணை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு கட்டிப்போட்டது. 1956இல் சீக்கியர்களுக்கு விரிந்த அது, பௌத்தர்களுக்கு விரிய 1990 ஆனது. நாற்பது ஆண்டுகள், சான்றிதழில் பௌத்தர் என்று எழுதினால் பிள்ளையின் படிப்பும் வேலையும் போகும். வீட்டில் புத்தர், தாசில்தார் அலுவலகத்தில் இந்து. இப்படி இரண்டாகக் கிழிந்த வாழ்க்கையில் எந்த வழிபாடு முழுமையாகத் தங்கும்? வழிபாட்டின் அரசியல் என்று நான் சொல்வதில் இதுவும் அடக்கம்.

இனி, நம்மைச் சங்கடப்படுத்தும் விஷயம். அயோத்திதாசரின் நினைவு எல்லோரையும் உள்ளே விடவில்லை. 'தாழ்த்தப்பட்டோர்' வேறு, 'தாழ்ந்தோர்' வேறு என்று பிரித்தார். பூர்வ பௌத்தர் என்ற பெருமைக்குள் வராத சில ஒடுக்கப்பட்ட சாதிகளை அந்த இரண்டாவது சொல்லுக்குள் தள்ளினார். இதைக் காலத்தின் குறை என்று பூசி மெழுக வேண்டியதில்லை. அதை வைத்துக்கொண்டு அவரை மொத்தமாகத் தூக்கி எறியவும் வேண்டியதில்லை. நினைவு இயங்கும் முறையிலேயே இந்த ஆபத்து இருக்கிறது. 'நாங்கள் ஒரு காலத்தில் உயர்ந்திருந்தோம்' என்று தொடங்கும் எந்த நினைவுக்கும், உயர்ந்திராத ஒருவன் தேவைப்பட்டுவிடுகிறான். நாகபுரியின் உறுதிமொழிகள் மனிதர் அனைவரும் சமம் என்பதை முன்னோர் பெருமையின் துணையில்லாமல் சொல்கின்றன. ஒரு சாதியின் இறந்தகாலத்தில் கால் ஊன்றாத நினைவு அது. தமிழ்ப் பௌத்தம் இன்று மறுபடி பேசப்படுமானால், அருந்ததியர் குடும்பம் ஒன்று அந்தப் பண்டிகையில் விருந்தாளியாக அல்லாமல் உரிமையோடு உட்கார முடியுமா என்பதுதான் முதல் சோதனை.

இப்போது நம் பக்கம். தொகுதிகள் இருக்கின்றன. ஆய்வேடுகள் குவிகின்றன. சென்னையில் அவருக்கு மணிமண்டபம்கூட வந்துவிட்டது. பிறந்த நாளுக்கு மாலை போடுகிறோம், நினைவு நாளுக்குச் சுவரொட்டி ஒட்டுகிறோம். ஆண்டுக்கு இரண்டு நாள். அயோத்திதாசரோ வாரத்தை நம்பியவர். மாலை போடுகிறவர்களில் எத்தனை பேர் ஆதிவேதத்தின் ஒரு பகுதியைச் சத்தமாக, நாலு பேர் கேட்க வாசித்திருக்கிறோம்? குறளுக்கு அவர் சொன்ன பொருளை மறுத்து ஒரு சின்னப் பையன் கேள்வி கேட்கும் வாசிப்பு எந்தச் சேரியில், எந்தக் கிழமையில் நடக்கிறது? எழுத்தாளர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் இது பெரிய செலவு பிடிக்கும் வேலையல்ல. ஒரு அறை, ஒரு விளக்கு, ஒரு புத்தகம், தவறாமல் வரும் ஒரு கிழமை போதும். அதில் வாசிக்கப்படும் பக்கங்களில் 'தாழ்ந்தோர்' என்ற சொல் வரும் பக்கமும் இருக்க வேண்டும். அதை ஒதுக்கிவிட்டு வாசித்தால் வெறும் துதிதான் மிஞ்சும்.