திறக்க வராத டப்பா

என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஒருநாள் மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான். ரசம் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். ஒரு பருக்கை குறையவில்லை. "ஏன்டா சாப்பிடல?" என்று கேட்டேன். "திறக்க வரலப்பா. ஆயாம்மாகிட்ட குடுத்தேன், அவங்களாலயும் முடியல" என்றான். பக்கத்துப் பையன் ரெண்டு இட்லி கொடுத்தானாம்.

டப்பா புதுசு. எவர்சில்வர் உடம்பு, பிளாஸ்டிக் மூடி, மூடிக்குள் சிலிக்கோன் கேஸ்கட், நாலு பக்கமும் கிளிப். அட்டைப்பெட்டியில் "உறுதியானது, காற்றுப்புகாதது" என்று போட்டிருந்தது. ரெண்டுமே பொய் இல்லை. கிளிப் நாலையும் அவன் எடுத்துவிட்டிருக்கிறான், மூடிதான் வரவில்லை. சாயங்காலம் நானும் இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஸ்பூன் காம்பை ஓரத்தில் செருகி நெம்பினேன். 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடி கையோடு வந்தது.

அந்த 'புஸ்' சத்தத்தில் இருந்துதான் இந்தக் கட்டுரை. ஒரு டப்பா தன்னுடைய வேலையைச் சரியாகச் செய்ததால் ஒரு குழந்தை பட்டினி கிடந்தது என்றால், அந்த 'வேலை' என்னவென்று தீர்மானித்தவர்களிடம்தானே கேள்வி கேட்க வேண்டும்?

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம். காலையில் 80 டிகிரி சூட்டில் ரசம் சாதத்தைப் போட்டு மூடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதத்துக்கு மேலே இருக்கும் கொஞ்சம் இடம் காலி இல்லை. அதில் காற்றும் இருக்கிறது, நீராவியும் இருக்கிறது. 80 டிகிரியில் நீராவியின் அழுத்தம் சுமார் 47 கிலோபாஸ்கல். வெளியே வளிமண்டல அழுத்தம் 101. அதாவது ஆவி நன்றாகக் கட்டியிருந்தால், மேலே இருப்பதில் கிட்டத்தட்ட பாதி ஆவிதான். சாதம் 30 டிகிரிக்கு ஆறும்போது அந்த ஆவி எல்லாம் தண்ணீராகி மூடியில் முத்து முத்தாக ஒட்டிக்கொள்கிறது. மிச்சம் இருக்கும் காற்றும் குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் பாதியாகிவிடும். வெளியில் இருக்கும் காற்று மட்டும் முழு பலத்தோடு மூடியை அழுத்திக்கொண்டே இருக்கிறது.

12 செ.மீ.க்கு 10 செ.மீ. வாய் என்றால் பரப்பு 120 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு அரை கிலோ என்று கணக்குப் போட்டால் 60 கிலோ! இது கணக்கில் வரும் உச்சம். நடைமுறையில் மூடி கொஞ்சம் உள்வாங்கும், கேஸ்கட் கொஞ்சம் கசியும், மூடும்போதே சாதம் ஆறியிருக்கும். பத்தில் ஒரு பங்கு நடந்தால்கூட 6 கிலோ ஆகிறது. ஏழு வயதுப் பையன் வழவழவென்ற மூடியை நகத்தால் பிடித்து 6 கிலோ தூக்க வேண்டும். ஓரத்தில் ஒரு இடத்தைக் கிளப்பிவிட்டால் போதும், காற்று புகுந்து எல்லாம் விட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் கிளப்புவதற்கு அந்த மூடியில் ஒரு நாக்கு இல்லை, பள்ளம் இல்லை.

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு இல்லை. வெயிட்டை எடுக்காமல் ராத்திரி முழுக்க ஆறவிட்ட குக்கரைக் காலையில் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மூடி அசையாது. வெயிட்டைத் தூக்கினால் 'புஸ்', அப்புறம் சாதுவாகத் திறக்கும். குக்கரை வடிவமைத்தவர்கள் அழுத்தத்தை மனதில் வைத்து வடிவமைத்தார்கள். சாப்பாட்டு டப்பாவை வடிவமைத்தவர்கள், அதில் சூடான சாப்பாடு போடுவார்கள் என்பதையே யோசிக்கவில்லையோ என்று தோன்றுகிறது. சில டப்பாக்களில் மூடி நடுவே சின்ன ரப்பர் அடைப்பான் வைத்திருக்கிறார்கள். அதைப் பிடுங்கினால் காற்று உள்ளே போகும். நல்ல யோசனை. ஆனால் அதை ஏதோ கூடுதல் வசதி மாதிரி விலை உயர்ந்த டப்பாவுக்கு மட்டும் வைப்பதுதான் சரியில்லை. சூடாகப் போட்டு மூடும் எந்த டப்பாவுக்கும் அது அடிப்படைத் தேவை.

சரி, 'காற்றுப்புகாதது' என்ற வார்த்தைக்கு வருவோம். இந்த ஒரு வார்த்தையை மூன்று வெவ்வேறு வேலைகளின் மேல் ஒட்டி விற்கிறார்கள். முறுக்கு நமத்துப்போகாமல் இருக்க வெளி ஈரம் உள்ளே வரக்கூடாது, இது ஒரு வேலை. சாம்பார் பையில் ஒழுகக்கூடாது, அது வேறு வேலை. சாதம் ஊசிப்போகக் கூடாது என்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றில்லை.

திரவத்தைத் தடுப்பது ஒப்பிட்டால் சுலபம். சாம்பார் கெட்டியானது, சின்ன இடுக்கில் சீக்கிரம் நுழையாது. நீராவி அப்படி இல்லை, அதற்கு மயிரிழை போதும். இன்னொரு வேடிக்கை, சிலிக்கோன் ரப்பர் சூட்டைத் தாங்கும், வளையும், எல்லாம் சரி. ஆனால் வாயுக்களைத் தன் வழியாகவே ஊடுருவ விடுவதில் மற்ற ரப்பர்களைவிட அது தாராளமானது. ஓட்டை எதுவும் வேண்டாம், மெல்ல மெல்ல அதன் உடம்பு வழியாகவே போகும். ஒருநாள் சாப்பாட்டுக்கு இது பொருட்டே இல்லை. மூன்று மாசம் அப்பளம் வைக்கப்போகிறவருக்கு யோசிக்க வேண்டிய விஷயம். சாம்பார் வாசனை அந்தக் கேஸ்கட்டில் எப்படித் தங்கிவிடுகிறது என்று கழுவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது வேலைதான் முக்கியம், ஆபத்தானதும் அதுதான். "காத்து புகாம மூடிட்டா கெட்டுப்போகாது" என்பது நம் வீடுகளில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. இந்த நம்பிக்கைக்கு 200 வருஷத்துக்கு மேல் வயசு. பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் உணவைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, இறுக்கி மூடி, வெந்நீரில் கொதிக்கவைத்துப் பல மாதம் கெடாமல் வைத்தார். 1810-இல் அந்த முறையைப் புத்தகமாகவும் போட்டார். ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. அந்தக் காலத்தின் பெரிய வேதியியலாளர் கே-லூசாக் ஆராய்ந்துவிட்டு, உள்ளே ஆக்சிஜன் இல்லாததுதான் காரணம் என்றார். அது தவறு. கொதிக்கவைத்ததில் நுண்ணுயிர்கள் செத்ததும், புதிதாக எதுவும் உள்ளே போக முடியாததும்தான் காரணம் என்று விளங்க, பாஸ்டரின் ஆராய்ச்சிகள் வரவேண்டியிருந்தது. மூடியின் வேலை இரண்டாம் பாதி மட்டும்தான். முதல் பாதி நெருப்பின் வேலை.

நம்முடைய டப்பாவில் முதல் பாதி நடப்பதே இல்லை. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதையுறைகள் உலைக் கொதியைத் தாங்கிக்கொள்ளும். சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேலே சூடாக வை, இல்லாவிட்டால் 5 டிகிரிக்குக் கீழே குளிர வை என்பது உணவுப் பாதுகாப்பின் பாலபாடம். இறுக்கி மூடிய டப்பா இரண்டையும் செய்யாது. வெதுவெதுப்பாக, ஈரமாக மணிக்கணக்கில் வைத்திருக்கும். மத்தியானம் சுண்டல் நூல் விட்டிருந்தால், "மூடி சரியில்ல" என்று திட்டுகிறோம். மூடி சரியாகத்தான் இருந்திருக்கும்.

உலோகப் பாத்திரத்தில் நிஜமாகவே காற்றுப்புகாத ஒன்று உண்டு. தகர டின். பீட்டர் டூராண்ட் 1810-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். 1813 வாக்கில் டான்கினும் ஹாலும் லண்டன் பெர்மாண்ட்சியில் தொழிற்சாலை வைத்து டின் உணவு தயாரித்தார்கள். கனத்த தகரம், ஈயப் பற்றுவைத்த மூட்டு. திறப்பதற்கு? உளியும் சுத்தியலும். டின் திறப்பதற்கென்று ஒரு கருவிக்கு இங்கிலாந்தில் ராபர்ட் யீட்ஸ் 1855-இல்தான் காப்புரிமை வாங்கினார். அடைக்கத் தெரிந்து 45 வருஷம் கழித்துத்தான் திறப்பதைப் பற்றி ஒழுங்காக யோசித்திருக்கிறார்கள்! என் மகனின் டப்பாவைப் பார்க்கும்போது அந்த 45 வருஷம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

இன்றைய டின்னில் மூடியின் விளிம்பையும் உடம்பின் விளிம்பையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து நசுக்குகிறார்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஐந்து மடிப்புத் தகரம், இடுக்கில் மெல்லிய அடைப்புப் பசை. அவ்வளவு இறுக்கம் சாத்தியமாவது, அது ஒரே ஒருமுறை மூடப்படுவதால்தான். தினமும் மூடித் திறக்கும் டப்பாவிடம் அதே சத்தியத்தை வாங்குவது நியாயமில்லை.

இப்போது 'உறுதியானது' என்பதற்கு வருவோம். கடையில் எல்லாரும் டப்பாவின் உடம்பைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். 304 ரகமா என்று கேட்கிறார்கள், சிலர் காந்தம்கூடக் கொண்டுவருகிறார்கள். காந்தத்தை நம்பாதீர்கள். 304-ஐ அச்சில் அழுத்தி ஆழமாக இழுக்கும்போது அதற்கே லேசாகக் காந்த ஈர்ப்பு வந்துவிடும். நிக்கல் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவு ரகத்தில் காந்தம் ஒட்டாமலும் போகலாம். தடிமன் முக்கியம்தான். வளையாமல் தாங்கும் திறன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறும் என்பதால், 0.5 மி.மீ. தகட்டை 0.6 ஆக்கினாலே விறைப்பு சுமார் 1.7 மடங்கு ஆகிவிடுகிறது. தடிமனே கூட்டாமலும் வழி உண்டு. டின்னின் உடம்பில் ஓடும் வரிகளைப் பாருங்கள். அழகுக்காக இல்லை, உள்ளே வெற்றிடம் வரும்போது நசுங்காமல் இருப்பதற்காக.

ஆனால் டப்பாவின் உயிர் உடம்பில் இல்லை, வாயில் இருக்கிறது. உடம்பு நசுங்கினால் பரவாயில்லை. வாய் ஒரு இடத்தில் நசுங்கினால் கேஸ்கட் அங்கே படியாது, கதை முடிந்தது. அந்த வகையில் வட்ட வாய்தான் நல்லது. திருகு மூடி சுற்றிலும் ஒரே அளவு அழுத்தும். நீள்சதுர டப்பாவில் கிளிப் பக்கங்களின் நடுவே அழுத்துகிறது, மூலைகள் கிளிப்புக்கு எட்டாமல் கிடக்கின்றன. எங்கள் வீட்டுப் பையில் கறை பட்டதெல்லாம் மூலையில் இருந்துதான். பையில் அடுக்க வசதி என்று சதுரத்துக்குப் போனோம், ஒழுகாமல் இருப்பதை விட்டுக்கொடுத்தோம். இதை யாரும் அட்டைப்பெட்டியில் எழுதுவதில்லை.

இன்னொன்று. முழுக்க எவர்சில்வரில் செய்த மூடிகளில் கேஸ்கட் உட்காரும் பள்ளத்தைக் கவனியுங்கள். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தால். கீறினாலும் ஆக்சிஜன் பட்டால் அது தானே ஆறிவிடும். உப்பு நீர் தேங்கி, ஆக்சிஜனும் எட்டாத இடுக்கில் ஆறாது. புள்ளிப் புள்ளியாக அரிக்கும். ஊறுகாய் வைத்த மூடியில் கேஸ்கட்டைக் கழற்றிப் பார்த்தால் சிலசமயம் பழுப்புப் புள்ளி தெரியும். கழற்றிக் கழுவ வராத கேஸ்கட், காய்ந்து போனால் தனியாகக் கிடைக்காத கேஸ்கட், ரெண்டும் மோசமான வடிவமைப்பு. எஃகு இருபது வருஷம் உழைக்கும், ரப்பர் அதற்கு ரொம்ப முன்னாடியே விறைத்துவிடும். ஐம்பது ரூபாய் வளையத்துக்காக முழு டப்பாவையும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்.

"அப்போ பழசுதான் நல்லதா?" என்று கேட்டால், முழுசாக இல்லை. என் அப்பாவின் டிபன் கேரியரில் ஒரு அடுக்கின் அடிப்பாகம்தான் கீழ் அடுக்குக்கு மூடி. பக்கக் கம்பி எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தும். ஆவி போக வழி உண்டு, எந்தக் கையும் திறக்கும். ஆனால் பஸ்ஸில் சாய்ந்தால் சாம்பார் மடியில். அம்மா முறுக்குக்கு ஒரு டின், பாலுக்கு ஒரு தூக்கு, சோற்றுக்கு ஒரு சம்படம் என்று தனித்தனியாக வைத்திருந்தாள். அதைப் பழமை என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அவள் ஒரு மூடியிடம் ஒரு வேலைதான் கேட்டாள். நாம் ஒரே டப்பாவிடம் மூன்றையும் கேட்கிறோம், விற்பவரும் ஆமாம் என்று தலையாட்டுகிறார்.

ஆகவே அடுத்த தடவை கடைக்குப் போகும்போது நான் காந்தம் கொண்டுபோகப் போவதில்லை. பையனைக் கூட்டிப்போவேன். மூடி அவன் கைக்கு வருகிறதா, காற்று உள்ளே விட ஒரு வழி இருக்கிறதா, கேஸ்கட் கழன்று வருகிறதா, தனியாக அது கிடைக்குமா என்று நாலு கேள்வி. அதுவரைக்கும் அவனுக்குப் பழைய சம்படம்தான். ரசம் சாதத்தைக் கொஞ்சம் பிசைந்து கெட்டியாக வைக்கிறோம், ஒழுகுவதில்லை. டப்பா காலியாக வருகிறது.