கள்ளிக்காட்டிற்குப் பின்: இரு நாவல்கள், ஒரு மண்

முல்லைப்பெரியாற்று நீர் 1895 முதல் கம்பம் பள்ளத்தாக்கை நெல்வயலாக்கிற்று. அதே தேனிச் சீமையின் ஆண்டிபட்டிப் பக்கத்திலோ, 1959இல் திறக்கப்பெற்ற வைகை அணை மதுரைக்கு நீர் தந்தது. தன் நீர்ப்பரப்பிலிருந்த சிற்றூர்களை மூழ்கடித்தது. சிறுவயதில் அவ்வாறு ஊரிழந்தோருள் ஒருவர் கவிஞர் வைரமுத்து. அவ்விழப்பையே அவர் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்னும் நாவலாக்கினார். ஆனந்த விகடனில் தொடராக வந்து, 2001இல் நூலாகி, 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்நூலைத் தம் குடும்பக் கதையாகவே வாசித்தோர் பலர்.

அதே சீமையைக் களமாக்கி அவர் பின்னர் எழுதிய 'மூன்றாம் உலகப்போர்' கதைமாந்தர் வகையில் தொடர்ச்சியன்று. பொருள் வகையில் தொடர்ச்சியே. முன்னதில் உழவனை அணை வெளியேற்றியது. பின்னதில் புவிவெப்பமும் உலகமயமும் வெளியேற்ற முனைகின்றன. வினா முன்னிலும் பெரிது. ஆயினும் நூலை மூடுகையில் மனம் நிறையவில்லை. காரணம் யாது?

முன்னதில் பேயத்தேவர் வறண்ட நிலத்தில் கிணறு வெட்டுகிறார். அணையைக் குறித்து ஆசிரியர் வாதாட வேண்டிய தேவையே எழவில்லை. ஒரு வாளித் தண்ணீருக்காகப் பாறையோடு போராடியவரின் வீட்டைத் தண்ணீரே கொள்ளும்போது, வாசகர் தாமே தீர்ப்பெழுதுகிறார். பின்னதிலும் உழவர் கருத்தமாயி தோன்றும் இடங்களில் பழைய உயிர்ப்பு உண்டு. ஆனால் அமெரிக்கப் பெண் எமிலியும் ஜப்பானியர் இஷிமுராவும் பேசத் தொடங்கியதும் உரையாடல் விரிவுரையாகிவிடுகிறது. அவர்கள் கூறும் செய்திகள் மெய்யே. கூறுவோர்தாம் மனிதராக வளரவில்லை.

அழிவு நெருங்கும் காலத்தில் எச்சரிப்பதன்றோ முதற்கடமை எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. எனினும் எச்சரிப்பு செவியில் ஏறுவது எவ்வாறு? நாத்தான் தாவீதிடம் முதலில் கூறியது ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதையையே. அரசன் சினந்து தீர்ப்புரைத்த பின்னரே, குற்றவாளி அவனே எனச் சுட்டிக்காட்டினார். 'இதிகாசம்' அவ்வாட்டுக்குட்டியை நம் மடியில் வைத்தது. 'உலகப்போர்' சுட்டுவிரலோடு தொடங்கிவிடுகிறது.

இக்குறை ஓர் ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று. வாரந்தோறும் பிரசங்க மேடையில் நிற்கும் நாமும், கேட்போர் கண்டுணருமுன் முடிவை அவர்கள் கையில் திணித்துவிடுகிறோம். சொல்லவேண்டியது பெரிதாகும்போது கேட்போர்மீது நம்பிக்கை குறைந்துவிடுகிறது போலும். பேயத்தேவரின் கிணற்றை நினைவில் கொண்டோர் இரண்டாம் நூலில் தேடியது அந்நம்பிக்கையையே. இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பது இறையியல் மாணவருக்கு நற்பயிற்சியாகும்.