ரசிகர்களின் தீர்ப்பாயம்

விளையாட்டு வீரர் ஒருவர் மீது ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு எழும்போது இரண்டு விசாரணைகள் நடக்கின்றன. ஒன்று ஆய்வுக்கூடத்திலும் தீர்ப்பாயத்திலும் நடப்பது. அதற்கு விதிகள் உண்டு, மேல்முறையீடு உண்டு, தண்டனை முடியும் நாளும் உண்டு. இன்னொன்று ரசிகர்கள் நடத்துவது. அங்கே இவை எதுவும் கிடையாது. முதல் விசாரணை முடிவதற்குள் இரண்டாவதில் தீர்ப்பு வந்துவிடும். அந்த இரண்டாவது தீர்ப்பாயத்தில் புலம்பெயர்ந்த தமிழர்களாகிய நாமும் உட்கார்ந்திருக்கிறோம். நாம் அங்கே எப்படித் தீர்ப்புச் சொல்கிறோம் என்பதையே இங்கு பார்க்க விரும்புகிறேன்.

பரமட்டாவிலும் வென்ட்வொர்த்வில்லிலும் பிறந்தநாள் விருந்துகளில் கிரிக்கெட் பேச்சு தொடங்கினால், பத்து நிமிடத்துக்குள் ஷேன் வார்னும் முத்தையா முரளிதரனும் வந்துவிடுவார்கள். இந்த நாட்டில் ஒரே காலத்தில் இருவருக்கும் கிடைத்த நீதியை ஒப்பிடாமல் அந்தப் பேச்சு முடியாது. ஒப்பிடுவதற்குக் காரணமும் இருக்கிறது.

2003 பிப்ரவரியில், தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பைத் தொடரில் ஆஸ்திரேலியா தன் முதல் ஆட்டத்தை ஆட இருந்த நேரத்தில், வார்ன் வீடு திரும்ப நேர்ந்தது. அவரது சிறுநீர் மாதிரியில் சிறுநீர்ப்பெருக்கி மருந்து இருந்தது. மெலிந்து தெரிவதற்காக அம்மா கொடுத்த மாத்திரை என்றார் வார்ன். அந்த வகை மருந்து யாரையும் வேகமாகப் பந்து வீச வைக்காது. ஆனால் சிறுநீரை நீர்க்கச் செய்து வேறு மருந்தின் தடயத்தை மறைக்க உதவலாம் என்பதால் அது தடைப் பட்டியலில் இருக்கிறது. அவருக்கு ஓராண்டுத் தடை. 2004 மார்ச்சில் காலியில் திரும்பி வந்து பத்து விக்கெட் எடுத்தார். தனது ஐந்நூறாவது டெஸ்ட் விக்கெட்டையும் அந்த ஆட்டத்திலேயே தொட்டார். 2022இல் அவர் இறந்தபோது மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் அரசு மரியாதையுடன் நினைவுக் கூட்டம் நடந்தது. அதே மைதானத்தின் பெரிய பார்வையாளர் மாடத்துக்கு இன்று அவர் பெயர்.

அந்த மைதானத்தில்தான் 1995 டிசம்பர் 26 அன்று நடுவர் டேரல் ஹேர் மூன்று ஓவர்களில் ஏழு முறை முரளிக்கு நோ பால் கொடுத்தார். பந்தை வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது. பெர்த்திலும் ஹாங்காங்கிலும் அந்தக் கையை அளந்து பார்த்து, பந்துவீச்சில் குற்றமில்லை என்றார்கள். இருந்தும் அவர் ஓடி வரும்போதெல்லாம் ஆஸ்திரேலிய மைதானங்களில் கூட்டம் 'நோ பால்' என்று கத்தியது. 2004இல் அவரது 'தூஸ்ரா' பந்து மீண்டும் சோதனைக்கு உள்ளான நேரத்தில், பிரதமர் ஜான் ஹோவர்டே முரளி பந்தை எறிகிறவர்தான் என்ற பொருள்படப் பேசினார். அந்த ஆண்டு நடந்த ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முரளி வரவில்லை. துல்லியமான கேமராக்களால் அளந்தபோது பெரும்பாலான பந்துவீச்சாளர்களின் முழங்கை ஓரளவு நிமிரவே செய்கிறது என்று தெரிந்தது. 2005 முதல் எல்லோருக்கும் 15 பாகை வரை அனுமதி என்று விதியையே மாற்றினார்கள். கூட்டத்தின் கூச்சல் அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

முரளியின் வழக்கு ஊக்கமருந்து வழக்கு அல்ல. ஆனால் இரண்டையும் விசாரித்தது ஒரே ரசிகர் கூட்டம். சோதனையில் சிக்கியவரை அது மன்னித்தது. சோதனையில் தேறியவரைக் கடைசிவரை நம்ப மறுத்தது. தமிழருக்கு இது வலித்ததில் வியப்பில்லை. முரளியின் அரசியல் பேச்சுகளை ஏற்காத, '800' திரைப்படத்தைக் கடுமையாக எதிர்த்த என் ஈழத்து நண்பர்கள்கூட அந்த முழங்கை விஷயத்தில் அவர் பக்கம்தான் நிற்பார்கள்.

இதுவரை நாம் வழக்குத் தொடுத்தவர்கள். இனி நீதிபதி நாற்காலியில் நாம் உட்கார்ந்த ஒரு வழக்கைப் பார்ப்போம்.

2019 ஏப்ரல் 22, தோஹா. ஆசியத் தடகளப் போட்டியின் பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தில், கடைசி நேர்பாதையில் முன்னேறி 2 நிமிடம் 2.70 விநாடியில் தங்கம் வென்றார் கோமதி மாரிமுத்து. திருச்சி அருகே முடிகண்டம் கிராமத்துக்காரர், வயது 30. அன்றிரவே அவர் படம் சிட்னியிலுள்ள தமிழ் வாட்ஸ்அப் குழுக்களையெல்லாம் சுற்றி வந்தது. இரண்டு கால்களில் இரண்டு நிறக் காலணிகள் இருந்த படம் வறுமையின் சான்றாகப் பகிரப்பட்டது. மகளுக்குச் சாப்பாடு போதவேண்டும் என்று மாட்டுத் தீவனத்தைத் தின்ற தந்தையின் கதையைக் கேட்டுப் பலர் அழுதார்கள். கட்சிகளும் திரைக் கலைஞர்களும் பரிசு அறிவித்தார்கள்.

அந்தக் கதையில் சில செய்திகளுக்கு இடமில்லாமல் போனது. அவர் வருமான வரித் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். 2013இல் புனேயில் நடந்த இதே ஆசியப் போட்டியில் ஏழாவதாகவும், 2015இல் சீனாவின் வூஹானில் நான்காவதாகவும் வந்தவர். காயத்தையும் தந்தையின் மரணத்தையும் கடந்து மறுபடி ஓட வந்தவர். ஓர் ஓட்டக்காரரின் வரலாறு என்பது இதுதான். நாம் பகிர்ந்துகொண்டதோ ஏழைப்பெண் ஒருத்தியின் கதை. நமக்கு அவருடைய ஓட்டம் தெரியாது, வறுமை மட்டும் தெரியும்.

ஒரு மாதத்துக்குள் செய்தி மாறியது. அவரது மாதிரியில் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் தடயம் இருந்தது. தசையை வளர்க்கவும், பயிற்சிக்குப் பின் உடல் விரைவில் தேறவும் உதவுவது அது. 'பி' மாதிரியும் அதையே உறுதி செய்தது. தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று கோமதி மறுத்தார். 2020 ஜூனில் நான்கு ஆண்டுத் தடை அறிவிக்கப்பட்டது. தோஹா வெற்றியும் ரத்தானது.

அப்போது நம்மிடையே மூன்று விதமான தீர்ப்புகளைக் கேட்டேன். முதலாவது: 'அந்தப் பிள்ளை கிராமத்துப் பிள்ளை, அதற்கு என்ன மருந்து தெரியும்?' இரண்டாவது: 'தமிழச்சி ஜெயித்ததைப் பொறுக்காமல் யாரோ கலந்து கொடுத்துவிட்டார்கள்.' மூன்றாவது மௌனம். படங்கள் நின்றன, பெயர் நின்றது. மூன்றாவது தீர்ப்பை வழங்கியவர்களே அதிகம்.

இந்த மூன்றிலும் யாரும் சான்றைத் தொடவில்லை. வறுமை ஒருவரை நிரபராதி ஆக்காது. பயிற்சி முகாமில் யாரோ நீட்டும் ஊசியையோ மாத்திரையையோ மறுக்கும் வலிமை வசதியில்லாதவருக்குக் குறைவாக இருக்கலாம் என்பதும் உண்மை. 'யாரோ கலந்தார்கள்' என்பது நடக்கக்கூடியதுதான், ஆனால் அதற்குச் சான்று வேண்டும். வார்னின் அம்மா கொடுத்த மாத்திரைக் கதையைக் கேட்டு இருபது ஆண்டுகளாகச் சிரிக்கும் நாம், நம் ஓட்டக்காரருக்கு என்றதும் அதைவிட மெலிந்த கதை ஒன்றை விசாரணையின்றி ஏற்றுக்கொண்டோம்.

என் தொழிலில் ஒரு கணினி அமைப்பு விழுந்தால் எழுதும் அறிக்கையில் மூன்று பகுதிகள் இருக்கும். என்ன நடந்தது, எப்படி நடந்தது, யார் பொறுப்பு. முதலாவது தெரிந்துவிட்டது என்பதற்காக மற்ற இரண்டையும் ஊகித்து எழுதினால் அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊக்கமருந்து விதிகளும் ஏறக்குறைய இப்படித்தான் அமைந்திருக்கின்றன. உடம்பில் இருந்ததா என்பது முதல் கேள்வி. இருந்தால், எப்படி வந்திருந்தாலும் வீரரே பொறுப்பு. உள்நோக்கம் இருந்ததா என்பது அடுத்த கேள்வி. ஸ்டீராய்டு வழக்குகளில் உள்நோக்கம் இல்லை என்று நிறுவ வேண்டியவர் வீரர்தான். ஆகவே நான்கு ஆண்டுத் தடை என்பது, வேண்டுமென்றே எடுத்தார் என்று நிரூபணமாகிவிட்டது என்று பொருள்படாது. எடுக்கவில்லை என்று அவரால் காட்ட முடியவில்லை என்பதே அதன் பொருள். அந்த நூலிழை வித்தியாசத்தில்தான் ஒரு மனிதரின் மானம் இருக்கிறது. அவரைத் தூக்கிக் கொண்டாடியவர்களும் கைவிட்டவர்களும் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

கேட்டிருக்க வேண்டிய வேறு கேள்விகளும் இருந்தன. மார்ச் மாதம் பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் எடுத்த மாதிரியிலேயே தடயம் இருந்தது. அந்த முடிவு உரிய நேரத்தில் வந்திருந்தால் கோமதி தோஹாவுக்கு விமானம் ஏறியிருக்க மாட்டார். நாமும் அழுது கொண்டாடியிருக்க மாட்டோம். முடிவு ஏன் தாமதமானது? அவருக்குச் சத்துணவு ஆலோசனை சொன்னவர் யார்? தெரியாமல் உட்கொண்டிருந்தால், தெரியவைக்க வேண்டியது யாருடைய கடமை? நிரபராதி என்று நம்பியவர்கள்தான் இவற்றை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த சீனாவின் வாங் சுன்யூவையும் நாம் நினைக்கவில்லை. தங்கம் பிறகு அவருக்குப் போனது. ஆனால் தோஹாவில் தன் தேசியகீதம் ஒலிக்க மேடையின் உச்சியில் நிற்கும் அந்த நிமிடத்தை யாராலும் அவருக்குத் திருப்பித் தர முடியாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே தூரத்தில் ஐந்தாவதாக வந்த தரமான வீராங்கனை அவர். ரசிகரின் தீர்ப்பாயத்தில் பாதிக்கப்பட்டவருக்கு இருக்கை போடுவதே இல்லை.

இதற்கு இன்னொரு விலையும் உண்டு. 2006இல் இதே தோஹாவில், இதே 800 மீட்டரில், ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி வென்றவர் புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன். பாலினச் சோதனை என்ற பெயரில் அவர் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் எந்த மருந்தும் உட்கொள்ளவில்லை, எந்த ஏமாற்றும் செய்யவில்லை. இயற்கை கொடுத்த உடம்போடு ஓடினார். அன்றைய முதல்வர் கருணாநிதி, பதக்கம் பறிபோன பிறகும் அவருக்குரிய பரிசுத் தொகையை வழங்கினார். ஆனால் இன்றும் ஒரு சபையில் சாந்தியின் பெயரைச் சொன்னால், 'மருந்து போட்டு மாட்டிக்கொண்டாரே, அவரா?' என்று கேட்பவர்களைப் பார்க்கிறேன். சான்றைப் படிக்காமல் கதையை மட்டும் நினைவில் வைத்தால், குற்றம் செய்யாதவரும் குற்றவாளிப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார். சாந்திக்கு நாம் செய்யும் அநீதி, முரளிக்கு மெல்பர்ன் கூட்டம் செய்ததைவிடச் சிறியதல்ல.

உள்ளூர் வீரருக்கு ஒரு நியாயம், வெளியூர் வீரருக்கு ஒரு நியாயம் என்பது உலக வழக்கம்தான். அமெரிக்க பேஸ்பாலில் 762 ஹோம் ரன் அடித்து எவரும் தொடாத உயரத்தில் நிற்கிற பாரி பாண்ட்ஸுக்கு, ஊக்கமருந்துக் குற்றச்சாட்டின் நிழலில், பத்து ஆண்டுகள் வாக்கெடுப்பு நடந்தும் புகழ்மண்டபத்தில் இடம் கிடைக்கவில்லை. வேறு ஊர்களில் அவரை ஏசினார்கள், சான் பிரான்சிஸ்கோவில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் பரமட்டா ஈல்ஸ் ரக்பி அணி, வீரர்களின் சம்பள உச்சவரம்பை ஏமாற்றி மீறியதற்காக 2016இல் 12 புள்ளிகளையும் பத்து லட்சம் டாலரையும் இழந்தது. அந்த ஆண்டும் சர்ச் தெருவில் நீலமும் மஞ்சளும் அணிந்தவர்கள் குறையவில்லை. ஆனால் அவர்களில் யாரிடம் கேட்டாலும், 'ஆமாம், ஏமாற்றினோம்' என்றுதான் சொல்வார்கள். யாரோ சதி செய்தார்கள் என்பவர் அரிது.

இங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். ஆஸ்திரேலியர்கள் வார்னை மன்னித்தது தவறில்லை. அவர் வாழ்க்கையைச் சொல்லும்போது அந்த மாத்திரையையும் சேர்த்தே சொல்கிறார்கள். குற்றத்தையும் மறைக்கவில்லை, ஆளையும் விடவில்லை. முரளிக்கு அதில் ஒரு பங்குகூடக் கொடுக்காததுதான் தவறு. நாம் கோமதிக்குச் செய்ததோ வேறு. குற்றத்தை மறுத்துப் பார்த்தோம், முடியவில்லை என்றதும் ஆளை விட்டுவிட்டோம்.

எங்கள் நண்பர் வட்டத்தில் ஒரு முறை இந்தப் பேச்சு வந்தபோது, இங்கேயே பிறந்த பதினைந்து வயதுப் பையன் ஒருவன், 'அங்கிள், அவங்க எடுத்தாங்களா இல்லையா?' என்று கேட்டான். பெரியவர்கள் அவனுக்குக் கோமதியின் அப்பாவைப் பற்றிச் சொன்னார்கள். அவன் கேட்டது அதை அல்ல. அவனுக்கான விடை இருக்கிறது: அவர் உடம்பில் இருந்தது, எப்படி வந்தது என்று நிறுவப்படவில்லை, விதிப்படி முழுத் தண்டனையையும் அனுபவித்தார். இந்த மூன்றையும் சொன்ன பிறகு, இன்னும் அவர் நம் ஊர்க்காரர்தான் என்று நான்காவதாகச் சொல்லலாம். முதல் மூன்றையும் சொல்லாமல் நான்காவதை மட்டும் சொன்னால் இங்கு வளரும் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். முரளிக்காக நாம் வாதாடும்போதும் நம்பமாட்டார்கள்.

கோமதியின் தடைக்காலம் 2023 மே 16 அன்று முடிந்தது. முதல் தீர்ப்பாயம் தன் கோப்பை மூடிவிட்டது. இரண்டாவதில் அந்தக் கோப்பு இன்னும் திறந்து கிடக்கிறது. அதில் எழுத வேண்டியவர்கள் நாம்தான்.