கப்பல் ஏன் சும்மா நிற்கிறது? சீசர் 3 குறித்து ஒரு வாபஸ்

சீசர் 3 விளையாடியவர்களுக்கு இந்தக் கடுப்பு தெரிந்திருக்கும். கஜானாவில் காசு இல்லை. கிடங்கில் மண்பாண்டம் நிரம்பி வழிகிறது. வாங்க வேண்டிய கப்பலும் வந்தாச்சு, துறைமேடையில் கட்டியாச்சு. அப்புறம் அது அப்படியே நிற்கிறது. பின்னால் இன்னும் இரண்டு கப்பல்கள் நங்கூரம் போட்டுக் காத்திருக்கின்றன. மேலே தேதி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இம்ப்ரெஷன்ஸ் கேம்ஸ் உருவாக்கி, 1998-ல் சியரா வெளியிட்ட விளையாட்டு இது. பி.ஈ. படிக்கும்போது விடுதியில் நாலு பேர் காசு போட்டு வாங்கிய கம்ப்யூட்டரில் விடிய விடிய ஆடியிருக்கிறோம். "கப்பல் லாஜிக்ல பக் இருக்குடா" என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் அதையே சொல்லித் திரிந்திருக்கிறேன். அந்தத் தீர்ப்பை இப்போது வாபஸ் வாங்குகிறேன். கூடவே வேறொரு குற்றச்சாட்டு வைக்கப்போகிறேன்.

மனம் மாறியதற்குக் காரணம் ஜூலியஸ். சீசர் 3-ஐ அதே நடத்தையோடு மறுபடி எழுதிய திறந்த மூல நிரல் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வணிகக் கப்பல் பகுதியை மட்டும் படித்தேன். அதில் கப்பல் ரொம்ப எளிமையான பிராணி. வரைபடத்துக்குள் நுழைந்ததும் துறைமேடைகளின் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. காலியாக இருக்கும் முதல் மேடைக்குப் போகிறது. கவனியுங்கள், முதல் மேடைக்கு. கிடங்குக்குப் பக்கத்து மேடைக்கு அல்ல. எல்லாமே நிரம்பியிருந்தால் வரிசையில் நிற்கிறது. மேடையில் கட்டிய பிறகு அதற்கு என்று ஒரு வேலையும் இல்லை.

வேலை செய்பவர்கள் மூன்று பேர். ஒவ்வொரு மேடைக்கும் மூன்று தள்ளுவண்டி ஆட்கள். ஒருவர் ஒரு நடைக்கு ஒரு வண்டிச் சுமைதான் கொண்டுபோவார். முதலில் இறக்குமதிக்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால்தான் ஏற்றுமதிச் சரக்கை எடுத்துவரக் கிளம்புவார். மூவரும் வேலையில்லாமல் நின்றால், கப்பல் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு நங்கூரத்தைத் தூக்கிவிடும். அவ்வளவுதான் சங்கதி.

ஆக, கப்பல் நின்றது என் கிடங்கு ஊரின் மறுகோடியில் இருந்ததால். மூன்று அப்பாவிகள் கோயிலையும் சந்தையையும் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். நான் கப்பலைத் திட்டினேன். தரைவழி வணிகர் கழுதைகளோடு நேராகக் கிடங்கு வாசலுக்கே வந்துவிடுவார். கப்பலால் அது முடியாது. கடலும் ஊரும் சந்திக்கும் அந்தக் கடைசிச் சில நூறு அடிதான் கடல் வணிகத்தின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்று இந்த விளையாட்டு சொல்கிறது.

இது நிஜமா? எகிப்திலிருந்து ரோமுக்குத் தானியக் கப்பலில் போன ஐரினேயஸ் என்பவர் தன் சகோதரனுக்கு எழுதிய பாப்பிரஸ் கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. கி.பி. 2 அல்லது 3-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எபீஃப் மாதம் 6-ம் தேதி கரை சேர்ந்தார். சரக்கு இறக்கி முடித்தது 18-ம் தேதி. பன்னிரண்டு நாள்! இறக்கிய பிறகும் ஊர் திரும்ப அனுமதி வரவில்லை. தானியக் கப்பல்காரர் ஒருவரையும் இன்னும் விடவில்லை, தினமும் எதிர்பார்த்துக் கிடக்கிறோம் என்கிற ரீதியில் எழுதுகிறார். ரோமின் துறைமுகமான ஓஸ்டியாவில் மூட்டை தூக்குபவர்களுக்கு சக்காரி என்று பெயர். அவர்களுக்குத் தனிச் சங்கமே இருந்தது. நான் பக் என்று சொன்னது ஐரினேயஸுக்கு அன்றாட வாழ்க்கை.

இதே நிறுவனம் 2000-ல் ஜியூஸ் கொண்டுவந்தபோது படகுத்துறையோடு சேமிப்பிடத்தையும் ஒட்டவைத்துவிட்டார்கள். கப்பல் சீக்கிரம் போகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கென்னவோ அங்கே துறைமுகம் என்ற உணர்வே வரவில்லை.

சரி, புதுக் குற்றச்சாட்டுக்கு வருவோம். துறைமுகத்தை இவ்வளவு சரியாகப் பிடித்தவர்கள் கப்பலைக் கோட்டைவிட்டிருக்கிறார்கள். சீசர் 3-ன் கப்பலுக்குச் சொந்தக்காரன் இல்லை. ஒரு சுமை மண்பாண்டம் வாங்கினால் 180 தினாரி, விற்றால் 140. நடுவில் உள்ள 40 யாருக்குப் போகிறது? யாருக்குமில்லை. பணம் கைமாறுவதே கிடங்கில் சரக்கு இறங்கும்போதுதான். அதுவரை நமக்கு ஆபத்து என்று ஒன்றுமே கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கும் வருஷத்துக்கு 15, 25 அல்லது 40 சுமை என்று ஒரு வரம்பு. அதற்குள் ஜனவரி, ஜூலை என்ற வித்தியாசமில்லாமல் கப்பல்கள் வந்துபோகும். எப்போதாவது கடல் வணிகம் தடைபட்டதாக ஒரு செய்தி வரும். கொஞ்ச நாளில் சரியாகிவிடும். புயலில் போன சரக்கு என்ற கணக்கே கிடையாது.

ரோமானியர்கள் குளிர்காலக் கடலுக்கு நடுங்கினார்கள். நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடப்பட்டது என்று வெஜிடியஸ் எழுதிவைத்திருக்கிறார். துறைமுகத்துக்குள் இருந்தாலும் பாதுகாப்பு நிச்சயமில்லை. கி.பி. 62-ல் துறைமுகத்துக்கு உள்ளேயே 200 தானியக் கப்பல்கள் புயலில் நாசமாயின என்கிறார் டாசிட்டஸ். கி.பி. 51-ல் தானியப் பஞ்சம் வந்தபோது மன்றத்தில் கூட்டம் பேரரசர் கிளாடியஸைச் சூழ்ந்துகொண்டது. ரொட்டித் துண்டுகளை வீசி அடித்தார்கள். அதற்குப் பிறகு அவர் செய்ததை சூடோனியஸ் சொல்கிறார்: குளிர்காலத்திலும் தானியம் வர வேண்டும் என்பதற்காக, புயலில் வணிகர்களுக்கு ஏற்படும் நஷ்டத்தைத் தானே ஏற்பதாக அறிவித்தார்.

எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சீசர் 3-ல் ஜனவரியிலும் கப்பல் வருகிறதென்றால், கிளாடியஸின் ஏற்பாடு அமலில் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கான பில் மட்டும் யார் மேஜைக்கும் வருவதில்லை.

நம் பக்கத்துச் சாட்சியும் ஒன்று உண்டு. வியன்னாவில் உள்ள முசிறி பாப்பிரஸ் ஒரு கடன் ஒப்பந்தத்தைப் பேசுகிறது, கி.பி. 2-ம் நூற்றாண்டு. கப்பலின் பெயர் ஹெர்மபோலன். சேர நாட்டு முசிறியிலிருந்து போன சரக்கு செங்கடலில் இறங்கி, ஒட்டகத்தில் ஏறி, நைல் வழியே அலெக்சாந்திரியா சேரவேண்டும். வழி நெடுகக் காவல். கடைசியில் 25 சதவீத வரி. கடன் கட்டத் தவறினால் சரக்கு யாருக்கு என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். ஒரு கப்பலுக்குப் பின்னால் இத்தனை பேர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் ஜூலியஸ் நிரலை என் மடிக்கணினியில் இறக்கி, சின்னதாகக் கைவைத்தேன். நவம்பர் பாதி முதல் மார்ச் பத்துவரை கப்பல் உள்ளே வரக்கூடாது. மாற்றம் சில வரிகள்தான். முதல் குளிர்காலத்திலேயே இறக்குமதி எண்ணெய் தீர்ந்து, நல்ல வீடுகள் ஒவ்வொன்றாகத் தரம் இறங்கின. இரண்டாம் வருஷம் அக்டோபரில் இருப்பை எண்ணிப் பார்த்தேன். ஒரு கிடங்கில் 8 அறை, அறைக்கு 4 சுமை, மொத்தம் 32. போதாது என்று தெரிந்து இன்னொன்று கட்டினேன், இந்தத் தடவை துறைமேடைக்குப் பக்கத்திலேயே. இத்தனை வருஷ ஆட்டத்தில் அக்டோபரில் நான் கிடங்கை எண்ணியதே இல்லை.

மூழ்கும் கப்பலை இன்னும் எழுதவில்லை. நிரல் கஷ்டமில்லை, நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் இழுபறி. நகரக் கஜானாவில் கழித்தால் வழக்கமான செலவு மாதிரி ஆகிவிடும். ஆளுநருக்கு இந்த விளையாட்டில் சம்பளமும் சொந்தச் சேமிப்பும் உண்டு. பேரரசருக்குப் பரிசு அனுப்புவதைத் தவிர அதற்குப் பெரிய உபயோகமில்லை. முதல் கப்பலை அதிலிருந்து கழித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.